பைவீக்லி என்றால் வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா?

பிப்ரவரி 9, 2026 (வாசகர் கேள்வி)

எங்கள் குழு அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை செய்துதருகிறது. புதிய ஒப்பந்த வரைவில் ‘பைவீக்லி’ முன்னேற்ற அறிக்கை தரவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் வாரத்துக்கு இரண்டு அறிக்கை என்கிறார்கள். மீதிப் பேர் இரண்டு வாரத்துக்கு ஓர் அறிக்கை என்கிறார்கள். ஆண்டுக்கு 104 அறிக்கையா, 26 அறிக்கையா என்பது அவற்றை எழுதப்போகிற எனக்குப் பெரிய வேறுபாடு. எது சரியான பொருள்?

பிப்ரவரி 9, இரவு

இரண்டும் சரி என்பதுதான் தொல்லை. மெரியம் வெப்ஸ்டர் அகராதி இச்சொல்லுக்கு இரண்டு பொருளையும் தருகிறது. ‘பைமந்த்லி’க்கும் அவ்வாறே மாதம் இருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டையும் தருகிறது. அகராதிக்காரர்களைக் குறைகூற வழியில்லை. வழக்கில் இருப்பதைப் பதிவதே அவர்கள் வேலை. வழக்கோ நெடுங்காலமாக இரண்டுபட்டுக் கிடக்கிறது.

‘பை’ என்பது லத்தீன் முன்னொட்டு. அது இரண்டு என்று மட்டும் சொல்கிறது. நிகழ்ச்சி இரண்டா, வாரம் இரண்டா என்பதைச் சொல்வதில்லை. இந்திய ரயில்வே முதற்பொருளைப் பிடித்துக்கொண்டது: ‘பைவீக்லி எக்ஸ்பிரஸ்’ என்றால் வாரத்தில் இரண்டு நாள் புறப்படும் வண்டி, ‘ட்ரைவீக்லி’ என்றால் மூன்று நாள் புறப்படும் வண்டி. அமெரிக்கச் சம்பளப் பிரிவுகள் இரண்டாம் பொருளைப் பிடித்துக்கொண்டன: அங்கே ‘பைவீக்லி’ சம்பளம் என்றால் பதினான்கு நாளைக்கு ஒருமுறை வருவது. ரயில் அட்டவணை பார்த்துப் பழகிய நம்மவர் 104 என்பதும், சம்பளச் சீட்டு பார்த்துப் பழகிய அவர்கள் 26 என்பதும் இயல்பே.

வரைவை அனுப்பியவர் அமெரிக்கர் என்பதால் 26தான் அவர் மனத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் ஊகத்தின்மேல் கையெழுத்திட வேண்டாம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘எவ்ரி அதர் ஃபிரைடே’ (ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி) என்று கிழமையோடு எழுதி, முதல் அறிக்கைக்கு உரிய தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால் எந்த வெள்ளி என்று அடுத்த சண்டை தொடங்கும்.

பிப்ரவரி 10, காலை

‘செமி’ என்னும் முன்னொட்டு இருக்கும்போது குழப்பம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ‘செமி’ என்றால் பாதி. ஆகவே ‘செமிவீக்லி’ அரைவாரத்துக்கு ஒருமுறை, ‘செமிமந்த்லி’ அரைமாதத்துக்கு ஒருமுறை. ஏட்டளவில் இது அழகான தீர்வு. ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்போது, பக்கத்தில் ஒற்றைப் பொருளுள்ள சொல்லை வைத்துவிட்டால் மட்டும் முதற்சொல்லின் நோய் தீர்ந்துவிடாது. எழுதுகிறவருக்கு ‘செமி’ தெரிந்திருந்தாலும், படிக்கிறவர் ‘பை’யை எப்படிப் படிப்பார் என்பது அவர் கையில் இல்லை.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பணத்தில் தெளிவாகத் தெரியும். செமிமந்த்லி சம்பளம் ஆண்டுக்கு 24 முறை வரும். பைவீக்லி சம்பளம் 26 முறை வரும். என் தங்கை நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறாள். வீட்டு வாடகை மாதக் கணக்கு, சம்பளம் இரண்டு வாரக் கணக்கு. ஆண்டில் இரண்டு மாதங்களில் மட்டும் மூன்று சம்பளம் வந்து விழும். ஊருக்கு வர விமானச் சீட்டு வாங்குவதெல்லாம் அந்த மாதங்களில்தான்.

பதினான்கு நாள் வீதம் 26 முறை சேர்ந்தால் 364 நாள்தான். ஆண்டுக்கு ஒரு நாளும் லீப் ஆண்டில் இரண்டு நாளும் மிஞ்சும். அந்த மிச்சம் சேர்ந்துசேர்ந்து ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை 27ஆவது சம்பள நாளாக வந்து நிற்கும். ஆண்டுச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வைத்திருந்த கணக்குப் பிரிவுகள் அந்த ஆண்டில் தலையைப் பிய்த்துக்கொள்ளும். வீட்டுக் கடனிலும் இதே கணக்கு உண்டு. மாதத் தவணையில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டினால் ஆண்டுக்கு 26 அரைத்தவணை, அதாவது 13 முழுத்தவணை ஆகிறது. கடன் விரைவில் அடைவதற்குக் காரணம் வங்கியின் கருணையன்று, அந்தப் பதின்மூன்றாவது தவணை.

பிப்ரவரி 10, மாலை

ட்ரைவீக்லியைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பழைய நகைச்சுவை வழங்குகிறது. எங்கள் ஊருக்கு ஒரு ட்ரைவீக்லி ரயில் உண்டு; இந்த வாரம் போகும், திரும்பிவர அடுத்த வாரம் ட்ரை பண்ணும்.

பிப்ரவரி 12

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதற்கு ‘ஃபோர்ட்நைட்லி’ என்று எழுதிவிட்டால் போயிற்று என்று மூவர் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரரோடு ஒப்பந்தம் என்றால் நானும் அதையே சொல்வேன். பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்னும் தொடர் சுருங்கி ஒரே சொல்லாகிவிட்டது. அதனால் அதற்குள் எண்ணும் அலகும் இரண்டும் இருக்கின்றன. பண்டை ஜெர்மானியர் பகலைக் கொண்டு எண்ணாமல் இரவைக் கொண்டு நாள் எண்ணினர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்திருக்கிறார்; அந்தப் பழக்கத்தின் எச்சம் இது. ஏழு இரவு என்று வாரத்துக்கும் இதேபோல் ஒரு சொல் இருந்து வழக்கொழிந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட்டும் ஏறத்தாழ வழக்கிலில்லை. அங்கே ஓர் இளைஞரிடம் இச்சொல்லைச் சொன்னால், 2017இல் வெளிவந்த வீடியோ விளையாட்டு எந்த வகையில் உங்கள் அறிக்கையோடு தொடர்புடையது என்று யோசிப்பார்.

நம் நாட்டிலேயே இச்சொல் அண்மையில் இடம்பெயர்ந்திருக்கிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்கவேண்டிய ரொக்க இருப்பை ஃபோர்ட்நைட் கணக்கில்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை தொடங்கி அடுத்துவரும் இரண்டாம் வெள்ளிக்கிழமை முடிய என்பது ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் அதற்கு இருந்த விளக்கம். சரியாகப் பதினான்கு நாள், ஆண்டுக்கு 26. அந்த வெள்ளிக்கிழமையை ‘ரிப்போர்ட்டிங் ஃபிரைடே’ என்பார்கள்; வங்கியில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் அந்த வெள்ளி இரவு உணவு தாமதமாவது வழக்கம். 2025ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இதை மாற்றி, மாதத்தின் 1 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் மாத இறுதி வரை மற்றொன்று என்று ஆக்கிவிட்டது. மாதாந்தரக் கணக்குகளோடு ஒத்துப்போவதால் இது நடைமுறைக்கு நல்லதே. ஆனால் பதினான்கு இரவு என்று பெயர்கொண்ட சொல் இப்போது 13, 14, 15, 16 நாள் என எதையும் குறிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 24 முறை. இந்தப் பிப்ரவரியின் பின்பாதி 13 நாள்தான்.

நம் பட்சமும் இப்படித்தான் நீளும் சுருங்கும். ஆனால் அதற்கு நிலவு பொறுப்பு, நாடாளுமன்றம் அன்று.

பிப்ரவரி 13

மேலே ஒரு நண்பர், கேள்வி கேட்டவரின் சக ஊழியர் ‘வீக்லி ட்வைஸ்’ என்று மின்னஞ்சலில் எழுதியதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

‘வீக்லி ஒன்ஸ்’, ‘டெய்லி ட்வைஸ்’, ‘மந்த்லி ஒன்ஸ்’ ஆகியவை தெற்கே எல்லா அலுவலகத்திலும் புழங்குகின்றன. ஆங்கில ஆசிரியர்கள் இவற்றைச் சிவப்பு மையில் சுழிப்பார்கள், ‘ட்வைஸ் எ வீக்’ என்று திருத்துவார்கள். ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வார்கள் என்பது உண்மையே. ஆனால் பொருள் தெளிவு என்ற ஒற்றை அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் ‘வீக்லி ட்வைஸ்’ எந்தக் குழப்பத்துக்கும் இடந்தராது. முதலில் காலத்தின் எல்லையைக் கட்டி, பிறகு அதற்குள் எத்தனை முறை என்று எண்ணுகிறது. ‘வாரம் இருமுறை’ என்னும் நம் சொல்லடுக்கே ஆங்கில உடை போட்டுவந்திருக்கிறது. நம் பத்திரிகை அட்டைகளில் ‘வாரமிருமுறை’ என்றும் ‘மாதமிருமுறை’ என்றும் அச்சிடுகிறார்கள். அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட எவரையும் நான் சந்தித்ததில்லை. இலக்கணம் வழுவாத பைவீக்லி 104க்கும் 26க்கும் இடையில் ஊசலாடும்போது, வழுவென்று ஒதுக்கப்பட்ட தொடர் நேராக நிற்கிறது. அமெரிக்கருக்கான ஒப்பந்தத்தில் அதை எழுதச் சொல்லவில்லை. சிரிக்கவேண்டிய இடம் வேறு என்கிறேன்.

இன்னொன்று. ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான ஒன்ஸ், ட்வைஸ், த்ரைஸ் மூன்றும் குறையற்றவை. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களோடு பழைய ஆறாம் வேற்றுமை உருபு ஒட்டி உருவானவை அவை. அந்த உருபின் ஒலியே இன்று இறுதியில் ‘ஸ்’ என்று கேட்கிறது. ‘ஆல்வேஸ்’ என்பதன் இறுதியிலும் அதுவே. மூன்றோடு வரிசை நின்றுவிட்டது. நான்குக்கு அப்படியொரு சொல் இல்லை, ‘ஃபோர் டைம்ஸ்’தான். த்ரைஸும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய நூல் வாசனை அடிக்கும் சொல்லாகிவிட்டது. இந்தியாவில் மருந்துக் கடை முதல் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை வரை அது நலமாக இருக்கிறது.

பிப்ரவரி 15

மருந்துக் கடை என்று எழுதியதும் ஒரு மருந்தாளுநர் வந்து, எண்ணிக்கைச் சொற்களால் உண்மையாகவே உயிர் போகும் இடம் எங்கள் இடம்தான் என்கிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி. மற்ற உரையாடலையெல்லாம் தள்ளிவைத்து இதை மட்டும் படித்தாலும் போதும்.

மருத்துவச் சீட்டில் ‘பி.டி.’ என்றும் ‘டி.டி.எஸ்.’ என்றும் எழுதுவது நாளைக்கு இருமுறை, மூன்றுமுறை என்பதன் லத்தீன் சுருக்கம். ‘க்யூ.டி.’ என்றால் நாள்தோறும், ‘க்யூ.ஓ.டி.’ என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள்; ‘க்யூ.ஐ.டி.’ என்றால் நாளைக்கு நான்கு முறை. கையெழுத்து சற்றுச் சாய்ந்தால் ஒரு புள்ளி ‘ஐ’ ஆகிவிடும், நாளைக்கு ஒரு மாத்திரை நான்காகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட எழுதக்கூடாத சுருக்கங்களின் பட்டியலில் க்யூ.டி.யும் க்யூ.ஓ.டி.யும் இருக்கின்றன, ‘டெய்லி’ என்று முழுச்சொல்லாக எழுது என்பதே அங்கு விதி. நம்மூர் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 இந்த லத்தீனைவிட எவ்வளவோ மேல். காலை, பகல், இரவு என்ற மூன்று கட்டம். எழுத்தறியாதவருக்கும் கடைக்காரர் விரலால் காட்டிவிடலாம்.

ஆனால் 1-0-1க்கும் ஒரு குறை உண்டு: அதற்கு நாள்தான் அலகு. வாரத்துக்கு ஒருமுறை உண்ணவேண்டிய மாத்திரையை அதில் எழுத இடமில்லை. முடக்குவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் அப்படிப்பட்டது. வாரம் ஒருமுறை என்பதை நாள்தோறும் என்று எடுத்துக்கொண்டு எலும்பு மஜ்ஜை சிதைந்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2019இலும் பிரிட்டனின் முகமை 2020இலும் இதற்கெனத் தனியே எச்சரிக்கை வெளியிட்டன. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதவேண்டும் என்பது அவற்றின் சாரம். என் அத்தை இந்த மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். மாத்திரை அட்டையின் பின்புறம் ‘ஞாயிறு மட்டும்’ என்று மார்க்கரில் எழுதி, மற்ற மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் போடாமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை என்று சொன்னபோதெல்லாம் தலையாட்டிய அத்தை, ஞாயிறு என்றதும்தான் “அப்ப மத்த நாள் வேண்டாமா?” என்று கேட்டார்.

முதல் நாள் நான் ஒப்பந்தத்தில் கிழமையை எழுதச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

பிப்ரவரி 16

‘எவ்ரி தர்ட் டே’ என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை என்று யாருக்கும் ஐயமில்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரோமானியருக்கு ஐயம் இருந்தது. அவர்கள் எண்ணும்போது தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணினார்கள். மலேரியாவில் 48 மணிநேரத்துக்கு ஒருமுறை ஏறும் காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘டெர்ஷியன்’, அதாவது மூன்றாம் நாள் காய்ச்சல் என்று பெயர். 72 மணிநேரத்துக்கு ஒருமுறை வருவது ‘குவார்ட்டன்’, நான்காம் நாள் காய்ச்சல். இன்று குளிர் நடுக்கினால் அது முதல் நாள், இடையில் ஒருநாள் சும்மா இருக்கும், மூன்றாம் நாள் மீண்டும் வரும். பிரெஞ்சுக்காரர் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்று சொல்வதும் இந்த எண்ணிக்கைதான். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். அதனால் எனக்கு இது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை.

இந்தக் குழப்பம் நாட்காட்டியையே கோணலாக்கியது. ஜூலியஸ் சீசரின் சீர்திருத்த நாட்காட்டி கி.மு. 45இல் தொடங்கியது. நான்காம் ஆண்டுதோறும் ஒருநாள் கூட்டவேண்டும் என்பது விதி. அடுத்த ஆண்டே அவர் கொலையுண்டார். விதியைச் செயல்படுத்தவேண்டிய பூசாரிகள் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்றாண்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனார்கள். 36 ஆண்டுகளில் 9 நாள் கூட்டவேண்டிய இடத்தில் 12 நாள் கூட்டப்பட்டன. அகஸ்டஸ் பேரரசர் பல ஆண்டுகள் லீப் நாளையே நிறுத்திவைத்து அதைச் சரிசெய்தார். உலகத்தின் காலக் கணக்குக்கே பொறுப்பானவர்கள் இப்படியென்றால், உங்கள் திட்ட மேலாளரை மன்னித்துவிடலாம்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவர் தகவல் தந்திருக்கிறார்: அமெரிக்கர் நினைத்தது 26தான், வரைவில் கிழமையும் தேதியும் சேர்ந்துவிட்டன. நல்லது. இனி இங்கே வருகிறவர்கள் அவருக்கு மறுபடியும் அறிவுரை எழுதவேண்டாம்.

பிப்ரவரி 21

எண்ணே இல்லாத சொற்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்ற கேள்வி நியாயமானது. ஆஃபன், யூஷுவலி, சம்டைம்ஸ், ரேர்லி ஆகியவற்றைப் பள்ளியில் ஓர் ஏணிபோல வரைந்து, நூறு விழுக்காட்டிலிருந்து சுழியம் வரை படிப்படியாக இறக்கிக் காட்டுவார்கள். அந்த ஏணி கரும்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. சிம்ப்சன் என்னும் ஆய்வாளர் 1944இல் அமெரிக்க மாணவர்களிடம் இச்சொற்களைத் தந்து, நூற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணால் சொல்லச் சொன்னார். ஒரே சொல்லுக்கு விடைகள் பரந்து சிதறின. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, 1968இல், ஹேக்கல் என்பவர் அதையே திரும்பச் செய்து பார்த்தார், சிதறல் குறையவில்லை.

சிதறலுக்கு ஆளின் குணம் மட்டும் காரணமன்று. 1974இல் பெப்பர், ப்ரிட்டுலாக் இருவரும் காட்டியது இதைவிடச் சுவையானது. ‘ஃப்ரீக்வென்ட்லி’ என்னும் ஒரே சொல், எந்த நிகழ்ச்சியோடு சேர்கிறதோ அதற்கேற்ப அளவு மாறுகிறது. கௌபாய் படங்களில் துப்பாக்கிச் சூடு அடிக்கடி நிகழ்கிறது என்றால் படிப்பவர் பெரிய எண்ணை நினைக்கிறார்; நிலநடுக்கம் அடிக்கடி நிகழ்கிறது என்றால் மிகச் சிறிய எண்ணை நினைக்கிறார். தமிழிலும் அப்படியே. “அவன் அடிக்கடி தேநீர் குடிக்கிறான்” என்றால் நாளைக்கு ஏழெட்டு. “அவன் அடிக்கடி வீடு மாற்றுகிறான்” என்றால் ஐந்தாண்டில் மூன்று.

இதை எண்ணால் கட்டிப்போட்ட ஓர் இடம் உண்டு. ஐரோப்பிய மருந்துத் துண்டறிக்கைகளில் பக்கவிளைவு ‘வெரி காமன்’ என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. ‘காமன்’ என்றால் நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை. ‘அன்காமன்’ ஆயிரத்தில் ஒருவர் முதல் நூறில் ஒருவர் வரை. ‘ரேர்’ பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை. அதற்கும் கீழே ‘வெரி ரேர்’. வரையறை சீராக இருக்கிறது. ஆனால் நோயாளி வரையறையைப் படிப்பதில்லை, சொல்லைப் படிக்கிறார். ‘காமன்’ என்று கண்டதும் பாதிப் பேருக்கு வரும்போலும் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லின் பக்கத்திலேயே எண்ணையும் அச்சிடுவது அதனால்தான்.

பிப்ரவரி 22

மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு, தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது, ‘ஆடிக்கொரு முறை அமாவாசைக்கொரு முறை’ என்கிறோமே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ஒத்துக்கொள்ள வேண்டியதே. ஆடி ஆண்டுக்கு ஒருமுறை வரும், அமாவாசை ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை வரும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அரிது என்று பொருள்கொள்கிறோம். இதை ஒப்பந்தத்தில் எழுதினால் பைவீக்லியே தேவலாம் என்றாகிவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் ‘ப்ளூ மூன்’ அவ்வளவு அரிதன்று. ஒரே மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவு என்பது இன்றைய பொருள். 19 ஆண்டில் ஏழு முறை வருகிறது. அந்தப் பொருளே 1946இல் ஸ்கை அண்டு டெலஸ்கோப் இதழில் வந்த ஒரு கட்டுரை, மெய்ன் மாநிலப் பஞ்சாங்கம் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பிறந்தது. பஞ்சாங்கம் சொன்னது, நான்கு முழுநிலவு வரும் பருவத்தில் மூன்றாவதை. 2026இல் அது மே 31 அன்று.

மார்ச் 2

சென்னைக்காரர் ஒருவரின் கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்றார்கள், அப்படியானால் 2115 வரை கவலையில்லையா?

கவலை உண்டு. நீரியல் பொறியாளர் ‘ஹண்ட்ரட் இயர் ஃப்ளட்’ என்று சொல்லும்போது நாட்காட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டின் வாய்ப்பு குறைவதில்லை. முப்பதாண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு 26 விழுக்காடு. நூறாண்டு முழுவதும் காத்திருந்தாலும் அது 63 விழுக்காடுதான். ஒருமுறைகூட வராமல் போகவும் இடமுண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015, 2016, 2017 என அடுத்தடுத்த மூன்றாண்டுகளில் ஐந்நூறாண்டு வெள்ளம் என்று சொல்லப்பட்டவற்றைச் சந்தித்தது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நூற்றில் ஒன்று என்பது பழைய மழைப் பதிவுகளையும் பழைய ஏரிகளையும் வைத்துப் போட்ட கணக்கு. ஏரி வீட்டுமனையாகி, கடல் வெப்பமும் ஏறிவிட்டால் பெயர் மாறாமல் வாய்ப்பு மட்டும் மாறிவிடும். ‘ஆண்டுக்கு ஒரு விழுக்காடு’ என்று சொல்லும் வழக்கத்துக்கு அறிவியலாளர்கள் நகர்வதை நான் வரவேற்கிறேன். பைவீக்லி வெறும் ஏமாற்றம் தரும். இந்தத் தொடர் பொய்யான நிம்மதியைத் தருகிறது.

மார்ச் 8

‘பையன்னுவல்’, ‘பையென்னியல்’ இரண்டும் ஒன்றா என்று கேட்டவருக்கு: ஒன்றில்லை. முதலாவது ஆண்டுக்கு இருமுறை, இரண்டாவது இரண்டாண்டுக்கு ஒருமுறை. லத்தீனில் இரண்டாண்டுக் காலத்துக்கே ‘பையென்னியம்’ என்று பெயர்ச்சொல் இருந்ததால் இரண்டாவதற்கு உறுதியான வேர் இருக்கிறது. காதில் கேட்கும்போது இரண்டும் உடன்பிறப்புகள் என்பதால் பேச்சில் நான் இவற்றைத் தொடுவதேயில்லை.

வெனிஸ் பியென்னாலே 1895இல் தொடங்கிய கலைக் காட்சி. பெயரே இரண்டாண்டு என்பதுதான். அதுவும் எல்லாக் காலத்திலும் பெயருக்கு நேர்மையாக இருந்ததில்லை. நூற்றாண்டு விழா 1995இல் வரவேண்டும் என்பதற்காக 1990க்குப் பின் மூன்றாண்டு இடைவெளி விட்டார்கள். பெருந்தொற்றால் 2021 காட்சி 2022க்குப் போனது. கொச்சி முசிறிஸ் பியென்னாலே 2012இல் தொடங்கி 2018 வரை ஒழுங்காக நடந்தது. பிறகு நான்காண்டு கழித்து 2022, மூன்றாண்டு கழித்து 2025 டிசம்பர்.  பெயரை நம்பி அடுத்ததற்கு நாள் குறிக்க வேண்டாம்.

மார்ச் 14

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வேளாண் துறைத் துண்டறிக்கையில் மாமரத்தைப் ‘பையென்னியல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, இரண்டாண்டில் மரம் செத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறார். கேள்வியைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கிறீர்கள். தாவரவியலில் அச்சொல்லுக்கு அதுதான் பொருள். முதலாண்டு இலையும் கிழங்குமாக வளர்ந்து, இரண்டாமாண்டு பூத்து விதைத்து மடியும் கேரட், முட்டைக்கோசு போன்றவற்றைத்தான் பையென்னியல் செடி என்பார்கள். அங்கே அது ஆயுளைக் குறிக்கிறது, எத்தனை முறை என்பதை அன்று.

துண்டறிக்கையில் இருப்பது ‘பையென்னியல் பேரிங்’ என்ற முழுத்தொடராக இருக்கும். ஓராண்டு கொத்துக்கொத்தாகக் காய்த்து, மறு ஆண்டு ஓய்ந்துவிடும் குணம். காய்ப்பு மிகுந்த ஆண்டில் மரத்தின் சேமிப்பு தீர்ந்துபோவதும், வளரும் காய்களின் விதைகளிலிருந்து வரும் ஊக்கிகள் அடுத்த பூ மொட்டைத் தடுப்பதும் காரணங்கள். அல்போன்சாவுக்கு இந்தக் குணம் அதிகம். நீலமும் நம் கிளிமூக்கும் பெரும்பாலும் ஆண்டு தவறாமல் காய்க்கும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நீலத்தையும் தசேரியையும் கலந்து உருவாக்கிய மல்லிகாவும் ஆம்ரபாலியும் தவறாமல் காய்க்கவேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தவையே. புதிதாகக் கன்று வாங்குவதாக இருந்தால் நாற்றங்காலில் ‘ரெகுலர் பேரர்’ என்று கேளுங்கள். ஆண்டுதோறும் வேண்டும் என்பதற்காக ‘ஆனுவல்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; பால்சம் செடியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள், அது அந்த ஆண்டோடு சரி.